கை போன இடத்தில்

எங்கள் வீட்டில் நெருப்புப்பெட்டிக்கு என்று ஓரிடம் இருந்தது. குசினிக் கதவு நிலைக்கு மேலே, இடப்பக்க மூலை. யார் எடுத்தாலும் விளக்கைக் கொளுத்திய உடனே பெட்டி அங்கே திரும்பிப் போய்விட வேண்டும். செருப்புகள் வாசற்படிக்கு வலப்பக்கம், முன்பக்கம் முற்றத்தைப் பார்த்தபடி. சைக்கிளின் முன்சில்லு படலையைப் பார்த்தபடி. இரவில் வாளியும் குடமும் வெறுமையாக இருக்கக் கூடாது. "கை போன இடத்திலை சாமான் இருக்கவேணும்" என்பது அப்பாவின் சட்டம். அவர் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியார் வீட்டில் பிறந்தால் இப்படித்தான் என்று நானும் தங்கையும் பொறுத்துக்கொண்டோம்.

1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. கூடவே பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. மண்ணெண்ணெய் சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து தந்தால் உண்டு. வெளியில் வாங்கப் போனால் அப்பாவின் சம்பளம் தாங்காது. கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கை பொழுதுபட்டதும் இருண்டுவிடும். ரோர்ச் லைற் இருந்தும் அதற்குள் போடப் பற்றரி இல்லாத வீட்டில், எது எங்கே கிடக்கிறது என்று உடம்புக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். இரவில் சகடை வருகிற சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் பங்கருக்கு ஓட வேண்டும். சகடை என்றால் பீப்பாக் குண்டு போடுகிற விமானம். பொம்மர், ஹெலி, சுப்பர்சொனிக் என்று ஒவ்வொன்றையும் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்ல ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஓட்டத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கால் போய் விழுகிற இடத்தில் செருப்பு இருந்தது. அப்பாவின் சட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

ஜாம் போத்தல் விளக்குச் செய்யத் தெரியாதவர் எங்கள் தலைமுறையில் இல்லை. வெறும் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். ஒரு கம்பித்துண்டை வளைத்துப் போத்தல் வாயில் கொளுவி, அதில் நூல்திரியைப் பிடிக்கவைத்து உள்ளே இறக்கினால் திரியின் அடி பஞ்சில் தொடும். சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது. தட்டுப்பட்டுக் கவிழ்ந்தாலும் எண்ணெய் ஓடாது. வெளிச்சம் இரண்டு கொப்பிகளுக்குக் காணும். மூன்றாவது ஆளுக்குக் காணாது.

எங்கள் படிப்புக்கு நேரசூசி போட்டது அந்த வெளிச்சம்தான். கணக்கும் வரைபடமும் பொழுதுபட முன்னர். கோடு போடவும் கோணம் அளக்கவும் நல்ல வெளிச்சம் வேண்டும். வாசிக்க வேண்டியவை விளக்கடியில். தேவாரம், வாய்பாடு, ஆண்டுகள், அரசர் பெயர்கள் எல்லாம் விளக்கு அணைந்த பிறகு, பாயில் படுத்துக்கொண்டு. அப்பா இருட்டுக்குள் கேள்வி கேட்பார், நாங்கள் இருட்டுக்குள் பதில் சொல்லுவோம். தங்கை பாதியில் நித்திரையாகிவிட்டால் அவளுடைய கேள்வியும் என் தலையில் விழும். இன்றைக்கு நான் படிப்பிக்கிற பிள்ளைகள் மூளை விழிப்பாக இருக்கிற காலையிலும் பின்னேரத்திலும் தலைப்புக்குக் கலர் அடித்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆளி தட்டினால் எந்நேரமும் வெளிச்சம் வருகிற வீட்டில் எந்த வேலையை எப்போது செய்வது என்று யோசிக்கிற தேவை இல்லாமல் போய்விட்டது.

இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் முட்டவிட்டு, பெடலைக் கையால் சுற்றினால் றேடியோ பேசும். சுற்றுகிற கை களைத்தால் குரல் அமுங்கும். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் எங்கள் முற்றத்தில் இருப்பார்கள். முக்கியமான செய்தி வரும்போது யாருடைய முறை என்று சண்டை பிடிக்காமலிருக்க அப்பா அதற்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார்.

அப்பாவின் சட்டம் சாமான்களுக்கு என்றால் அம்மாவின் சட்டம் ஒரே ஒரு பைக்கு. அந்தப் பைக்கு ஒரு கதை உண்டு. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாண நகரைப் பிடிக்க முன்னேறியபோது சனம் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஓடியது. எங்கள் வீட்டார் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஓடினார்கள். ஷெல் சத்தத்தில் அம்மா கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார். நல்லூர் வீதியில் மூச்சு வாங்க நின்று பார்த்தால் கையில் இருந்தது அகப்பைக்கூடு. ஐந்தாறு சிரட்டை அகப்பையும் ஒரு மத்தும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் அலுமாரிக்குள். எங்கள் சொந்தத்தில் கல்யாண வீடுகளில் இன்றும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பை இல்லாத நாள் இருந்ததில்லை.

ரெக்சின் பை. கைபிடி ஒருபக்கம் அறுந்து நைலோன் கயிறு கட்டியது. உள்ளே பொலித்தீனில் இரண்டு சுற்றாகச் சுற்றிய சான்றிதழ்களும் உறுதியும் வங்கிப் புத்தகமும். பழைய பவுடர் ரின்னுக்குள் நகை, அதன் மேலே விபூதி. பனடோல், ஊசி நூல், ஒரு சிறிய கத்தி, நெருப்புப்பெட்டி, ஆளுக்கொரு சோடி உடுப்பு. அடியில் புழுக்கொடியல்.

ஒவ்வொரு பூரணை விடுமுறைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா பாயை விரித்துப் பையைக் கொட்டுவார். பனடோலின் திகதி பார்ப்பார். பொலித்தீன் ஈரித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். புழுக்கொடியலில் பூச்சி அரித்திருந்தால் கோழிக்குப் போடுவார். நாங்கள் வரிசையில் நின்று உடுப்பைப் போட்டுக் காட்ட வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் கிளித்தட்டு விளையாடுகிற நேரத்தில் இது பெரிய கொடுமை.

"ஒருக்கால் கட்டி வைச்சால் காணாதோ அம்மா?" என்று தங்கை அழுதாள்.

"நீ வளராமல் இருந்தியெண்டால் காணும்."

எங்கள் ஒழுங்கையில் பை இல்லாத வீடு அந்த நாட்களில் கிடையாது. கட்டி வைத்த பையைப் பிரித்துப் பார்த்த வீடுகள்தான் குறைவு. பக்கத்து வீட்டு மாமி பின்னாளில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் போய்ப் பையைத் திறந்தபோது உள்ளே இருந்தவை கைக்குழந்தைச் சட்டைகள். அந்தக் குழந்தை அப்போது இரண்டாம் வகுப்பில். மாமி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆச்சிக்கு இந்தப் பட்டியல்களும் பூரணைச் சோதனைகளும் பிடிக்காது. அவர் தயாராக இருந்த விதம் வேறு. அவருக்கு ஆண்டு இரண்டே இரண்டு பங்கு: வெயில், மாரி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்தால் தோட்டத்து மரக்கறி அழுகும், கடல் கொந்தளித்தால் மீனும் வராது, விறகும் நனைந்துவிடும். அந்த மூன்று மாதத்துக்கு மற்ற ஒன்பது மாதமும் உழைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

தை, மாசியில் பாத்தியைக் கிண்டிப் பனங்கிழங்கு எடுப்பார். பச்சையாகப் பிளந்து காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கிக் கூழுக்கும் பிட்டுக்கும் வைப்பார். வேம்பு பூத்து உதிருகிற நாட்களில் மரத்தடியில் பாயை விரித்து வைத்துப் பூவைக் கூட்டி அள்ளுவார். அது வடகத்துக்கு. சித்திரை வெயிலில் புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து முட்டியில் அடைவார். அதே வெயிலில் மோர்மிளகாய், தேசிக்காய் ஊறுகாய். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழத் தொடங்கினால் வீட்டில் எவருக்கும் ஓய்வில்லை. பழத்தைப் பிசைந்து களி எடுத்து, பந்தலில் விரித்த பாயில் ஊற்றிக் காயவிடுவார். ஒன்று காய அதன் மேல் இன்னொன்று. கடைசியில் தோல்போல உரித்தெடுத்தால் பனாட்டு. களி எடுத்த கொட்டைகள் மாரிக்கு முன்னர் பாத்திக்குள் போகும். தையில் அவைதான் கிழங்கு.

சவர்க்காரம் யானை விலை விற்றபோது ஆச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. பனங்களியை எடுத்து உடுப்புத் தோய்த்தார். அழுக்குப் போனது. ஆனால் கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டையைப் பக்கத்து வளவு மாடு வந்து சப்பிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு உடுப்புக் காய்கிற நேரம் கொடிக்குக் கீழே ஒரு பிள்ளை தடியோடு காவல். பொருளாதாரத் தடை என்று எல்லோரும் தலையில் கைவைத்த நேரத்தில் ஆச்சிக்கு அது புதினமாகப் படவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசிக் கூப்பனைக் கண்டவர் அவர். எந்தச் சாடியை நிரப்பினாலும் ஒரு சுண்டு வெளியே எடுத்து வைப்பார். அது கேட்டு வருகிறவர்களுக்கு. வருடா வருடம் அந்தச் சுண்டு எங்கள் வீட்டில் தங்கியதேயில்லை.

பங்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோண்டாவில் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் சுண்ணக்கல். அலவாங்கு போட்டுக் கிளப்பி, மேலே பனங்குற்றி அடுக்கி, உரப்பைகளில் மண் நிரப்பி மூடினோம். மாரியில் தண்ணீர் நின்றது. தினமும் பின்னேரம் அப்பா தடியால் தட்டிப் பாம்பு இல்லையென்று பார்த்துவிட்டு வருவார். எங்கள் ஆயத்தம் எல்லாம் அந்தக் குழிக்குள் இருக்கிற நேரத்தை நினைத்துச் செய்தவை. நடந்தது வேறு.

1995 தையில் பேச்சுவார்த்தை, சித்திரையில் அது முறிவு, ஜூலையில் நவாலித் தேவாலயத்தில் குண்டு. ஒக்ரோபர் 17இல் 'ரிவிரெச' என்ற பெயரில் இலங்கை இராணுவம் எங்கள் பகுதியான வலிகாமத்துக்குள் முன்னேறத் தொடங்கியது. 30ஆம் திகதி பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தன. வலிகாமத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது, உடனே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போங்கள் என்று புலிகளின் அறிவித்தல்.

அது ஐப்பசி. ஆச்சி மாரிக்கென்று நிரப்பிய குசினி முழுதாக இருந்தது. புளிமுட்டி, ஊறுகாய்ச் சாடி, பனாட்டுக் கூடை, வடகப் பேணி. பாத்தியும் போட்டாயிற்று. அப்பா நிலைக்கு மேலே கைவைத்து நெருப்புப்பெட்டியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அம்மா பையை எடுத்தார். எங்களுக்குச் செருப்பு இருந்தது, சைக்கிள் படலையைப் பார்த்தபடி நின்றது. யாரும் எதையும் தேடவில்லை. அந்த நேரத்தில் ஒருவருக்கும் தலை வேலை செய்யவில்லை. அப்பா அலுமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அம்மா வீட்டைக் கூட்டினார். ஆம், விட்டுவிட்டுப் போகப்போகிற வீட்டை மூலை மூலையாகக் கூட்டி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டினார். கை மட்டும் பழகிய வேலையைச் செய்தது.

ஆச்சிக்குக் கந்தசட்டி விரதக் களைப்பு. சாடிகளைத் திறந்து பார்க்கவில்லை. மூடிகளை இறுக்கிவிட்டு, ஒரு உரப்பையில் புழுக்கொடியலையும் பனாட்டையும் அடைந்து, "பாரமில்லாததை எடுங்கோ, நனைஞ்சாலும் பழுதாகாததை எடுங்கோ" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் பேசப்பட்ட உருப்படியான வார்த்தை அதுதான்.

திருநெல்வேலி தாண்டி நல்லூர் வரையும் நடந்தோம். அதற்குப் பிறகு அது நடை இல்லை. நாலைந்து இலட்சம் சனம் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் ஒரே இரவில் கடக்க வேண்டும் என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. உழவு இயந்திரம், மாட்டு வண்டில், கையால் தள்ளுகிற தட்டு வண்டில், கட்டிலோடு தூக்கி வந்த நோயாளி, ஆடு. ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் நிற்க வேண்டும். இருபக்கமும் உப்புத்தண்ணீர். மழை வேறு. தாகத்துக்குக் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தார்கள். ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார்.

புழுக்கொடியலின் அருமை அன்றைக்குத் தெரிந்தது. கல்லுப்போல இருக்கும். ஒரு துண்டை வாயில் போட்டால் மென்று முடிக்கக் கனநேரம் எடுக்கும். அதுவரைக்கும் பிள்ளை அழாது. ஆச்சி எங்களுக்குத் தந்த கையாலேயே முன்னால் நின்ற பிள்ளைக்கும் பின்னால் நின்ற பிள்ளைக்கும் நீட்டினார். "ஆர் பெத்த பிள்ளையோ, அதின்ரை பசிக்கு ஆளைத் தெரியுமே" என்றார். பாலம் தாண்ட விடிந்துவிட்டது. அப்போது உரப்பையில் பாதிதான் இருந்தது. அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். ஆயத்தமாக இருந்தவர்கள் இருந்ததையெல்லாம் கொடுத்தால் பிறகென்ன ஆயத்தம் என்பது அவர் கட்சி. இருவரும் கைதடி வரைக்கும் கதைக்கவில்லை.

மட்டுவிலில் அப்பாவோடு படித்த ஒருவரின் வீடு. நாங்கள் போனபோது அங்கே ஏற்கெனவே நாலைந்து குடும்பம். பை தன் வேலையைச் செய்தது. விதானையாரிடம் நிவாரணத்துக்குப் பதியவும் பள்ளிக்கூடத்தில் சேரவும் சான்றிதழ் கைவசம் இருந்தது. அகப்பைக்கூட்டின் கடனை அம்மா அடைத்துவிட்டார். ஆனால் அது நாலைந்து நாளுக்குக் கட்டிய பை. நாங்கள் அங்கே இருந்தது அடுத்த சித்திரை வரைக்கும். ஒரு சோடி உடுப்பு ஒரு மாரிக்குக் காணாது. பங்கருக்கென்று சேர்த்த எதுவும் இங்கே உதவவில்லை. எங்களை அந்த ஆறு மாதமும் தாங்கியது அந்த வீட்டாரின் கிணறும் தென்னைகளும் கிடாரங்களும்தான். மட்டுவிலில் பன்றித்தலைச்சி அம்மன் கோயில் பங்குனித் திங்களுக்குக் குடாநாடே பொங்க வரும். அந்தக் கூட்டத்துக்குச் சமைத்துப் பழகிய ஊரில் பெரிய பாத்திரம் இல்லாத வீடு குறைவு. அவர்கள் திருவிழாவுக்கு வைத்திருந்த கிடாரத்தில் எங்களுக்குக் கஞ்சி காய்ந்தது. ஆச்சி எடுத்து வைக்கிற அந்தச் சுண்டைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

1996 சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்கும் வந்தது. நாங்கள் வந்த வழியே திரும்பினோம். வீட்டில் ஓடும் கதவும் இல்லை. குசினியில் ஒரு சாடி கூட மிஞ்சவில்லை. நெருப்புப்பெட்டி இருந்த நிலையைக் கூடப் பெயர்த்திருந்தார்கள். வளவின் பின்பக்கம் போன ஆச்சி அங்கிருந்து கூப்பிட்டார். தையில் கிண்டியிருக்க வேண்டிய பாத்தி கிண்டாமலே விட்டதில் இலை விட்டு நின்றது. கிழங்கு முற்றி நாரோடிப் போயிருந்தது. கிண்டி அவித்தோம். தின்ன முடியவில்லை. அந்த ஆவணியிலேயே ஆச்சி கடகத்தைத் தூக்கிக்கொண்டு பனங்கொட்டை பொறுக்கப் போய்விட்டார்.

ஆச்சி போய் நெடுங்காலம். அம்மாவின் பை இன்னமும் உண்டு. இப்போது அதில் இரத்த அழுத்தக் குளிசையும், மூக்குக்கண்ணாடி ஒன்றும், என் மகன் போட்டு வைத்த பவர் பாங்கும் இருக்கின்றன. பூரணைக்குப் பூரணை அதை எடுத்துச் சார்ஜ் போடுவது அவன் பொறுப்பு. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வடமராட்சி கிழக்கில் உறவுகள் எதையும் எடுக்க நேரமில்லாமல் ஓடினார்கள். அதற்கு எந்தப் பையும் உதவியிராது என்பதை அம்மா ஒப்புக்கொள்வார். அடுத்த வரியிலேயே, "அதுக்காகக் கட்டாமல் விடுறதோ?" என்பார்.

2022 பங்குனியில் நாடு முழுவதும் மின்வெட்டு. மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம். வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாள் இரவில் வீடியோ அழைப்பு எடுத்தாள். அவள் பிள்ளைகள் இருட்டைக் கண்டு அழுகிறார்களாம். ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்வது என்று சொல்லித் தரவேண்டுமாம். அம்மா ஃபோனைப் பறித்துக்கொண்டார். அங்கே ஜாம் போத்தலுக்குள் இன்னும் பாதி ஜாம். அதைக் கோப்பைக்கு மாற்றிப் போத்தலைக் கழுவித் துடைக்கும்வரை அம்மா பொறுமையாக இருந்தார். கம்பிக்கு உடுப்புக் கொளுவுகிற ஹாங்கரை வளைத்தார்கள். திரி சரி, பஞ்சு சரி.

"இனி மண்ணெண்ணெய். பஞ்சு நனையிற அளவுக்கு, கூட விடாதை."

"மண்ணெண்ணெய்க்குத்தான் பெற்றோலை விடப் பெரிய கியூ மாமி. தேங்காயெண்ணெய் விட்டால் எரியாதோ?"

"எரியும். எரியாமல் என்ன, கோயில்லை எரியிறதுதானே. ஆனால் போத்தலுக்கை பஞ்சிலை விட்டால் திரி இழுக்காது, தடிப்பெல்லோ. சிரட்டையிலை விட்டுத் திரியைப் பக்கத்தாலை போடு" என்று அம்மா சொல்லிவிட்டு, ஃபோனை ஒரு கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தேங்காயெண்ணெய் என்ன விலை விக்குது எண்டு உவளவைக்குத் தெரியுமோ?"